ஒரு தூசி உறிஞ்சி, பல மெஷின்கள்: சிறிய தச்சுப் பட்டறைக்கு ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் தச்சு வேலைக்கு இரண்டு காலம் உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் மெஷினை முற்றத்துக்கு இழுத்து வந்து மரநிழலில் வைத்து அறுக்கலாம். தூளைக் காற்றே கொண்டுபோகும். அது பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் போய்ப் படிவது வேறு பிரச்சினை. ஐப்பசி கழிந்து வாடையும் மாரி மழையும் தொடங்கினால் எல்லா மெஷினும் தகரக் கூரைக்குள் வந்துவிடும். கதவும் யன்னலும் சாத்தியபடி அறுப்பு, சீவல், சாண்டிங் எல்லாம் உள்ளேயே நடக்கும். தூசி உறிஞ்சி ஒன்று வாங்கினால் என்ன என்ற யோசனை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வருகிறது.

வாங்கியதும் அடுத்த கேள்வி வரும். மேசை வாள், சீவும் பிளேனர், பலகையைக் குறுக்கே வெட்டும் மைட்டர் வாள், தவாளிப்பு எடுக்கும் ரவுட்டர், அரத்தாளால் தேய்க்கும் சாண்டர் என்று பட்டறையில் நாலைந்து இருக்கின்றன. உறிஞ்சி ஒன்றுதான். எல்லாவற்றையும் அதோடு பூட்ட முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு மெஷின் மட்டும்தான் இழுவையை வாங்க வேண்டும். அப்புறம், பூட்டும் மெஷின்கள் எல்லாம் ஒரே வகை இழுவையைக் கேட்பவையாக இருக்க வேண்டும். குழாய், கேட், அடாப்டர் என்று கடையில் பார்க்கும் சாமான் எல்லாம் இந்த இரண்டையும் சாத்தியமாக்கத்தான். இது புரியாமல் குழாய் வாங்கப் போனால் காசு போகும், தூசி அப்படியே இருக்கும்.

தூசியை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும்

மரத்தூளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் அது வெறும் குப்பை, கூட்டி அள்ளினால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்குழியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய்தான் அதில் முக்கியமாகச் சொல்லப்பட்டது. கடின மரத் தூளுக்குள் வருடக்கணக்காக வேலை செய்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையின் பசையிலிருந்து வெளிவரும் போமல்டிஹைட்டையும் அதே முகவரகம் 2004 இல் அதே பிரிவில் வைத்தது.

புற்றுநோய்வரை போகாவிட்டாலும் தொல்லை இருக்கிறது. முதிரை மரத்தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். தேக்குத் தூளும் சிலருக்கு ஒத்துவராது. இழுப்பு உள்ளவர்களுக்கு எந்த மரமும் கூடாது.

கவனிக்க வேண்டிய விஷயம் தூளின் அளவு. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் 10 மைக்ரோனுக்குக் குறைந்தது, அதை வெறும் கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியாது. நிலத்தில் குவியும் சீவல் ஆளைக் கெடுக்காது. சாண்டரை நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறதே, அதுதான் கெடுக்கும். மிக நுண்ணியது காற்றசைவு இல்லாத அறையில் மணிக்கணக்காக மிதக்கும். தும்புத்தடியால் கூட்டினால் படிந்ததும் திரும்ப எழும்பும். ஆகவே தூளை அது பிறக்கும் இடத்திலேயே, வாள் பல்லுக்கும் அரத்தாளுக்கும் பக்கத்திலேயே, பிடித்துவிட வேண்டும். உறிஞ்சியை ஒவ்வொரு மெஷினோடும் பூட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு குடும்பங்கள்

தூசி உறிஞ்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான் விற்கிறார்கள். படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். வேலை முற்றிலும் வேறு.

முதலாவது, வெக்கியூம் கிளீனர் குடும்பம். தண்ணீரும் இழுக்கும் பட்டறை வெக்கியூம், கருவி கம்பனிகள் விற்கும் எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் இதில் சேரும். உள்ளே சின்னக் காற்றாடி மிக வேகமாகச் சுழலும். இது நகர்த்தும் காற்று குறைவு, ஏறத்தாழ நிமிடத்துக்கு 100 முதல் 150 கன அடி. ஆனால் இழுக்கும் அழுத்தம் பெரிது, 20 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அதனால் 27 அல்லது 36 மில்லிமீட்டர் ஒடுக்கமான ஹோஸ் ஊடாகவும் இழுத்துவிடும். சாண்டர், ஜிக்சோ, கை ரவுட்டர், கையில் பிடிக்கும் வட்ட வாள் ஆகியவற்றுக்குப் பொருத்தமானது இதுதான்.

இரண்டாவது, டஸ்ட் கலெக்டர் குடும்பம். பெரிய காற்றாடி, அதன் மேலே ஒரு துணிப் பை, கீழே ஒரு பொலித்தீன் பை. இது நகர்த்தும் காற்று மிக அதிகம். ஒரு குதிரைவலு மெஷினின் பெட்டியிலேயே 600 கன அடி என்ற அளவில் எழுதியிருக்கும். அழுத்தமோ வெக்கியூமின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே இதற்கு அகலமான வழி வேண்டும். நாலு அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர் குழாய்க்குக் கீழே இறக்கக் கூடாது. பிளேனர், மேசை வாள், பான்ட் சோ போன்ற நிலையான மெஷின்களுக்கு இது.

பெட்டியில் எழுதிய எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அது குழாய் எதுவும் பூட்டாமல், பில்டர் புத்தம் புதிதாக இருக்கும்போது அளந்தது. குழாயும் வளைவும் அழுக்கான பையும் சேர்ந்தால் பாதியளவுக்கு இறங்குவது வழமை.

இந்த இரண்டு குடும்பத்தையும் கலக்கக் கூடாது. டஸ்ட் கலெக்டரின் நாலு அங்குல வாயை ஒடுக்கி சாண்டரின் 27 மில்லிமீட்டர் ஹோஸைப் பூட்டினால் சாண்டர் தூசியைத் துப்பும். கலெக்டரிடம் அந்த ஒடுக்கத்தை வெல்லும் அழுத்தம் இல்லை. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு காற்றை அனுப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 32 மடங்கு அழுத்தம் வேண்டும், பாதிக்கும் கீழே போனால் கேட்கவே வேண்டாம். மறுபக்கம், வெக்கியூமை பிளேனரில் பூட்டினால் ஒரு பலகை முடிவதற்குள் சீவல் தொண்டையில் அடைத்துவிடும். ஒரே உறிஞ்சியில் எல்லாவற்றையும் பூட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த எல்லாவற்றிலும் எவை எந்தக் குடும்பம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கைக்கருவிக்கு ஒரு சின்ன வெக்கியூம், நிலையான மெஷினுக்கு ஒரு கலெக்டர் என்று இரண்டு மலிவானவற்றை வைத்திருப்பது, ஒரு விலையுயர்ந்ததை எல்லாவற்றுக்கும் இழுத்தடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு நேரத்தில் ஒன்று

செவ்விளநீருக்குள் இரண்டு ஸ்ட்ரோ போட்டு, ஒன்றின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்க, இரண்டையும் சேர்த்து வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். தண்ணீர் வராது, காற்றுத்தான் வரும். காற்று எப்போதும் இலகுவான வழியைப் பிடிக்கும். உறிஞ்சியிலும் அதேதான். மேசை வாளும் பிளேனரும் ஒரே குழாயில் திறந்தபடி இருந்தால், வேலை செய்யாமல் நிற்கும் பிளேனர் வழியாகவும் காற்று ஓடும். வாளுக்குக் கிடைப்பது மிச்சம் மட்டும்.

பாதி கிடைத்தாலும் பாதி வேலை நடக்குமே என்று நினைக்கலாம். நடக்காது. மரத்தூளையும் சீவலையும் குழாயில் மிதக்க வைத்துக் கொண்டுபோக, காற்று செக்கனுக்கு 20 மீற்றர் அளவு வேகத்தில் ஓட வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 330 கன அடி. ஒரு சிறிய கலெக்டர், குழாய் எல்லாம் பூட்டிய பிறகு, தரக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கிளையிலும் வேகம் போதாது. சீவல் குழாயின் அடியில் படியும், படிந்தது வழியை ஒடுக்கும், பிறகு இன்னும் படியும். ஒருநாள் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தூள் இறுகிக் கட்டையாக நிற்கும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேட். குழாயின் குறுக்கே தள்ளி மூடும் ஒரு தகடு, அவ்வளவுதான் விஷயம். ஓடும் மெஷினின் கேட் திறந்திருக்கும், மற்ற எல்லாம் மூடியிருக்கும். அடுத்த மெஷினுக்குப் போகும்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் ஒரு சின்ன கலெக்டரில் ஐந்து மெஷினையும் பூட்டலாம், ஆறையும் பூட்டலாம். எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை, ஏனென்றால் உறிஞ்சிக்குத் தெரிவது எப்போதும் ஒரு மெஷின்தான். பட்டறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் நிற்பது வழமை என்றால் கதை வேறு. அப்போது பெரிய மோட்டாரும் பெரிய குழாயும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உறிஞ்சி வேண்டும்.

ஒரே மெஷினுக்கு இரண்டு வாய் வைப்பது மட்டும் நல்லது, சில இடங்களில் அவசியமும்கூட. மேசை வாள் கீழேயும் தூளைக் கொட்டும், மேலேயும் எறியும். கீழே 80 மில்லிமீட்டர் குழாய், மேலே வாள் மூடியில் 50 மில்லிமீட்டர் குழாய் என்று பிரிக்கலாம். கணக்கு இப்படி: 80 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர், 50 மில்லிமீட்டர் குழாயினது 20. கூட்டினால் 70. பிரதான 100 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு 78. கிளைகளின் கூட்டுத்தொகை பிரதான குழாய்க்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் காற்று வீணாகாது. மைட்டர் வாளுக்கும் இதே முறையில், வாளின் பின்வாயில் ஒன்று, பின்னால் ஒரு பெட்டி மறைப்பு வைத்து அதில் ஒன்று என்று செய்யலாம். மைட்டர் வாள் எல்லாத் திசையிலும் தூளை எறிவதால் எதைப் பூட்டினாலும் முழுதாகப் பிடிபடாது. அதில் நிற்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

கேட்டைக் கடையில் பிளாஸ்டிக்கில் வாங்கலாம். 6 மில்லிமீட்டர் பிளைவூட்டில் நாங்களே செய்வதும் பெரிய வேலை இல்லை. பிளாஸ்டிக் கேட்டில் ஒரு குறை உண்டு: தகடு வழுக்கும் தவாளிப்பின் மூலையில் தூள் அடைந்து, நாள் போகப் போகக் கேட் முழுதாக மூடாமல் ஒரு நூல் இடைவெளி விடும். ஐந்து கேட்டிலும் ஒவ்வொரு நூல் என்றால் ஆறாவது மெஷினுக்கு இழுவை குறையும். நாங்களே செய்யும்போது தவாளிப்பின் கடைசி முனையைத் திறந்து விட்டால், தகட்டைத் தள்ளும்போது தூள் வெளியே விழுந்துவிடும்.

எல்லாக் கேட்டையும் மூடிவிட்டு உறிஞ்சியை ஓட விடலாமா என்றால், கலெக்டரில் பெரிய பாதகமில்லை. அதன் மோட்டார் வெளியே இருக்கிறது, காற்று ஓடாவிட்டால் சுமை குறையும். வீட்டு வெக்கியூமில் அப்படிச் செய்யவே கூடாது. பலவற்றில் இழுக்கும் காற்றுத்தான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. வழி அடைபட்டால் மோட்டார் கருகும்.

குழாய் ஓடும் வழி

என்.சி. வீதியிலோ மத்திய வீதியிலோ உள்ள ஹாட்வெயார் கடைக்குப் போய் டஸ்ட் குழாய் கேட்டால் கிடைப்பது அரிது. 110 மில்லிமீட்டர் பீவிசி வடிகால் பைப் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அதுவே போதும். மெல்லிய சுவருள்ள மலிவான ரகமும் கலெக்டருக்குத் தாங்கும், அதன் அழுத்தம் குறைவு என்பதால். பசை போட்டு ஒட்ட வேண்டாம். ஜொயின்ற்றில் ஒரு ஸ்குரூ அடித்து, மேலே டேப் சுற்றினால், அடைத்துக்கொண்டால் கழற்றலாம், மெஷினை இடம் மாற்றினால் திரும்பப் பயன்படுத்தலாம்.

கிளை எடுக்கும் இடத்தில் டீ ஜொயின்ற் போடாதீர்கள். டீயில் காற்று 90 பாகை முறிந்து திரும்ப வேண்டும், அந்த முறிவில் வேகம் போய்விடும். 45 பாகையில் சாய்ந்து சேரும் வை ஜொயின்ற்றைத் தேடி வாங்குங்கள். சாய்வு உறிஞ்சியை நோக்கி இருக்க வேண்டும். மறுபுறம் திருப்பிப் பூட்டினால் டீயைவிட மோசம். மூலையிலும் இப்படித்தான்: ஒரு 90 பாகை எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை பெண்ட், இடையில் ஒரு சாண் நேர்க்குழாய்.

கிளையைப் பிரதான குழாயின் பக்கவாட்டிலோ மேற்புறத்திலோ எடுங்கள். அடியில் எடுத்தால், கேட் மூடியிருக்கும்போது ஓடும் சீவல் எல்லாம் அந்தப் பள்ளத்தில் விழுந்து நிரம்பும். இதே காரணத்துக்காகக் கேட்டும் பிரதான குழாய்க்குக் கிட்ட இருப்பது நல்லது. அதே நேரம் கை எட்டாத உயரத்தில் இருக்கும் கேட்டை அவசரத்தில் யாரும் மூடப் போவதில்லை. மெஷினில் நிற்கும் இடத்திலிருந்து கை எட்ட வேண்டும், அதற்குள் எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட வையுங்கள்.

வளையும் ஹோஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம் வளையம் வளையமாக இருப்பதால், அதே நீள நேர்க்குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு இழுவையைத் தின்னும். மெஷினை அசைக்கத் தேவையான ஒரு முழம், இரண்டு முழம் மட்டும் ஹோஸ், மிச்சம் எல்லாம் பைப். பட்டறை முழுவதும் ஹோஸை மாலைபோலத் தொங்க விட்டு, மெஷின் இழுக்கவில்லை என்று உறிஞ்சியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

உறிஞ்சியை எங்கே வைப்பது? மூலையில், கதவுக்குப் பக்கத்தில், வசதிப்பட்ட இடத்தில் என்றுதான் பலரும் வைக்கிறார்கள். அதிகம் துப்பும் மெஷின் எதுவோ அதற்குக் கிட்ட வைக்க வேண்டும். பெரும்பாலும் அது பிளேனர். குறைவாகத் துப்பும் மெஷின் குழாயின் கடைசியில் நிற்கலாம்.

கடைசியாகக் கசிவு பார்க்க வேண்டும். எல்லாக் கேட்டையும் மூடி, கலெக்டரை ஓட விட்டு, மெல்லிய பொலித்தீன் கீற்று ஒன்றை ஒவ்வொரு ஜொயின்ற்றுக்கும் பக்கத்தில் பிடியுங்கள். உள்ளே இழுபட்டால் அங்கே கசிவு. ஊதுபத்திப் புகையால் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒரு சிறு தணல் உள்ளே போய்ப் பையிலிருக்கும் தூளில் விழுந்தால், நீங்கள் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போன பிறகுதான் அது பற்றும். பழைய வீட்டு மரம் வாங்கி அறுப்பவர்களும் ஆணியை முழுதாகப் பிடுங்கிய பிறகே அறுக்க வேண்டும், ஆணியில் வாள் பட்டுப் பறக்கும் பொறியும் அதே பைக்குத்தான் போகும். இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்தக் குழாயில் ஒருபோதும் பூட்டக் கூடாது.

கைக்கருவிகளுக்கு வேறு வழி

மேலே சொன்ன குழாயும் கேட்டும் கலெக்டருக்கு. வெக்கியூமோடு சாண்டர், ஜிக்சோ, ரவுட்டர் பூட்டுவதற்கு அந்தளவு கட்டுமானம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு கையால் ஒரு கருவியைத்தான் பிடிக்கப் போகிறோம். நல்ல ஹோஸ் ஒன்றை மேசைக்கு மேலே கூரைச் சலாகையிலிருந்து தொங்கவிட்டு, நுனியை ஒரு கருவியில் கழற்றி மற்றதில் செருகினால் முடிந்தது. ஹோஸ் மேசை விளிம்பில் சிக்காது, வேலையும் குழம்பாது.

இங்கே வரும் தலையிடி வாயின் அளவு. ஒரு கம்பனியின் சாண்டரில் 27 மில்லிமீட்டர், இன்னொன்றில் 32, வேறொன்றில் 35 அல்லது 38. உள் அளவா வெளி அளவா என்பதும் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒவ்வொரு கருவியின் வாயிலும் ஒரு அடாப்டரை நிரந்தரமாகப் பூட்டி, எல்லா அடாப்டரின் மறுமுனையும் ஒரே அளவாக இருக்கும்படி செய்துவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. படிபடியாக ஒடுங்கும் ரப்பர் அடாப்டர் இணையத்தில் வாங்கலாம். 32 அல்லது 40 மில்லிமீட்டர் பீவிசி துண்டைச் சூட்டுக் காற்றில் இளக வைத்து கருவியின் வாயில் செருகி ஆற விட்டாலும் அச்சாகப் பொருந்தும். சூடாக்கும்போது புகையைச் சுவாசிக்காமல் வெளியிலே வைத்துச் செய்யுங்கள். தளர்வாக இருந்தால் ஒரு சைக்கிள் டியூப் துண்டு, மேலே ஒரு ஹோஸ் கிளிப்.

நிலையான மேசையில் ரவுட்டரும் சின்ன மைட்டர் வாளும் பூட்டி, இரண்டுக்கும் ஒரே வெக்கியூம் என்றால் மட்டும் 50 மில்லிமீட்டர் வை ஜொயின்ற்றும் இரண்டு சின்னக் கேட்டும் போடுங்கள். வெக்கியூமின் பெரிய அழுத்தத்துக்குக் கசிவு நன்றாகத் தெரியும், ஆகவே இங்கே ஜொயின்ற் இறுக்கமாக இருக்க வேண்டும்.

கரண்ட்

எக்ஸ்ட்ராக்டர் சிலவற்றின் முகத்தில் ஒரு சொக்கெட் இருக்கும். கருவியின் பிளக்கை அதில் குத்தி, கருவியின் சுவிட்சைப் போட்டால் உறிஞ்சியும் தானாக ஓடும். கருவியை நிறுத்தினால் சில செக்கன் கழித்து உறிஞ்சி நிற்கும், ஹோஸில் மிச்சமிருக்கும் தூளை இழுத்து முடிப்பதற்காக. பல கருவி இருந்தால் அந்தச் சொக்கெட்டில் ஒரு மல்ரி பிளக் பலகையைக் குத்தி, கருவிகளை அதில் குத்தலாம். எதைப் போட்டாலும் உறிஞ்சி எழும்பும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் ஓட வேண்டும், அந்தச் சொக்கெட்டுக்கு மேல் எழுதியிருக்கும் வொட் அளவைத் தாண்டக் கூடாது. பற்றரிக் கருவிக்கு இது வேலை செய்யாது, அதற்கு ரிமோட் உள்ள உறிஞ்சி வேண்டும்.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். 13 அம்பியர் பிளக் ஒன்றின் உச்சம் 2,990 வொட். 1,200 வொட் உறிஞ்சியும் 1,600 வொட் மைட்டர் வாளும் சேர்ந்தால் 2,800. எல்லைக்குள்தான், ஆனால் மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும் கரண்ட் இதைவிடப் பல மடங்கு என்பதால் ட்ரிப் ஆகலாம். முடிந்தால் உறிஞ்சிக்கும் வாளுக்கும் தனித்தனிச் சுவர்ச் சொக்கெட், அதுவும் தனித்தனி வயரில். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் சொக்கெட்டில், 1,150 வொட்டுக்கு மேல் போகக்கூடாது, ஆகவே பட்டறைக்கு அது உதவாது. எக்ஸ்டென்ஷன் கோட்டைச் சுருளோடு வைத்துப் பாவித்தால் உள்ளே சூடேறி உருகும். முழுதாக அவிழ்த்துப் போட்டே பாவியுங்கள்.

பிளாஸ்டிக் குழாயில் உலர்ந்த தூள் உரசி ஓடும்போது நிலைமின் சேரும். கச்சான் மாதங்களில் குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கலாம். சின்னப் பட்டறையில் இதனால் வெடிப்பு ஏற்படும் என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் வாள் ஓடும்போது கை திடுக்கிட்டால் ஆபத்து. குழாயைச் சுற்றி ஒரு வெறும் செப்புக் கம்பியை ஓட்டி, மெஷினின் எர்த்தோடு இணைத்தால் அடி குறையும். வெக்கியூமுக்கு நிலைமின் தடுக்கும் ஹோஸ் என்றே தனியாக விற்கிறார்கள்.

பரலும் பில்டரும்

உறிஞ்சிக்கும் கருவிக்கும் இடையே ஒரு சைக்ளோன் வைப்பது, இந்தக் கட்டுரையில் சொன்ன சாமான்களில் காசுக்கு அதிகம் பலன் தருவது. கூம்பு வடிவமான அதற்குள் காற்று சுழன்று இறங்கும்போது பாரமான தூளும் சீவலும் சுவரில் மோதிக் கீழே இருக்கும் பரலில் விழும். நுண்தூள் மட்டும் உறிஞ்சிக்குப் போகும். பில்டர் சீக்கிரம் அடைக்காது, அதனால் இழுவை நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்கும். பரல் தடித்த நீலப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மெல்லிய வாளியை வெக்கியூம் சப்பி நசுக்கிவிடும். தகரப் பரல் எங்கள் கடற்காற்றில் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழும், அந்த ஓட்டையால் ஏறும் காற்று பிரிந்து விழுந்த தூளையெல்லாம் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போகும். மூடியின் ரப்பரும் அதனால்தான் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும்.

பில்டரை வாங்கும்போது ஐரோப்பியத் தரத்தின் எழுத்தைப் பாருங்கள். எல் தரம் என்றால் 100 இல் 1 பங்குவரை தூசி தப்பலாம், எம் தரம் என்றால் 1,000 இல் 1 பங்குவரை. மரத்தூளுக்கு எம் நல்லது. டஸ்ட் கலெக்டரோடு வரும் சாதாரணத் துணிப் பை பெரிய சீவலைப் பிடித்து, நுண்தூளை அறை முழுக்க ஊதிவிடும். அந்தப் பைக்குப் பதிலாக நுண்தூளையும் பிடிக்கும் மடிப்புப் பில்டர் போட முடியாவிட்டால் கலெக்டரையே வெளித் தாழ்வாரத்தில் வைத்துக் குழாயை மட்டும் சுவரால் உள்ளே எடுக்கலாம், மழைச் சாரல் படாமல் ஒரு தகரம் இறக்கி. இடமிருந்தால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். சத்தமும் வெளியே போய்விடும்.

உறிஞ்சி இருந்தாலும் சாண்டிங் வேலைக்கு என்95 கவசத்தைக் கழற்ற வேண்டாம். பரலைக் கொட்டும்போதும் போட்டிருங்கள், நாள் முழுவதும் பிடித்த தூசி எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முகத்துக்கு வரலாம். பரல் முக்கால்வாசி நிரம்பியதுமே கொட்டிவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் சைக்ளோன் பிரிக்காது. மாரியில் பரலில் தூளை வாரக்கணக்காக விட்டால் ஈரம் பிடித்துப் பூஞ்சணமாகும். வெறும் மரத்தூளைக் கோழிக்கூட்டுக்கோ தோட்டத்துக்கோ கொடுக்கலாம். எம்.டி.எப்., பிளைவூட், பழைய பெயின்ற் மரம் ஆகியவற்றின் தூள் கலந்திருந்தால் கொடுக்கக் கூடாது, நுளம்புக்குப் புகை போடவும் கூடாது. அதைப் பையில் கட்டி, குப்பை வண்டி வரும் நாளில் கொடுத்துவிடுங்கள்.